வாக்கர் நடந்த தொட்டி

சில மாதங்களாக என் மேசையில் சேர்ந்திருக்கும் அஞ்சலட்டைகளில் பாதிக்குமேல் ஆங்கிலேயர்களின் பெயர்களைப் பற்றியவை. ஒன்றிரண்டாகப் பதில் எழுதினால் எல்லாருக்கும் முறை வர ஓர் ஆண்டு ஆகிவிடும். அதனால் இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவளுக்கு இதைவிட மனம் நிறைந்த வேலை வேறு கிடையாது.

கேள்வி: எங்கள் மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ‘மிஸ்டர் வாக்கர்’ என்று ஒருவர் வந்தார். கைப்பேசிச் செயலி ‘திரு. நடப்பவர்’ என்று தந்தது. நானும் அப்படியே எழுதினேன். பேராசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். பெயருக்குப் பொருள் இருக்கும்போது அதைத் தமிழில் சொன்னால் என்ன தவறு?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: மகளே, பேராசிரியர் அடித்தது சரி. ஏன் அடித்தார் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதல் காரணம், வாக்கர் என்ற குடும்பப்பெயருக்கு ‘நடப்பவர்’ என்பது பொருளே அல்ல.

என் மகளின் குடும்பம் இங்கிலாந்தில், மேற்கு யார்க்ஷயரில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில் இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற மறுஆண்டு ஒரு குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கியிருந்தேன். கம்பளித் துணியால் பிழைத்த ஊர் அது. வீட்டுத் தறியில் நெய்த துணியை நெசவாளர்கள் கொண்டுவந்து விற்பதற்காக 1779-இல் திறந்த ‘பீஸ் ஹால்’ என்ற கல் கட்டடம் இன்னும் ஊர் நடுவே நிற்கிறது. பெரிய முற்றம், அதைச் சுற்றி நாற்புறமும் 315 அறைகள். அந்த முற்றத்தில் நின்றபோது எனக்கு நம் பக்கத்துச் சந்தைகளில் தோளில் சேலைக்கட்டோடு நிற்கும் தறிக்காரர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் நடப்பது என் மாலை வழக்கம். எங்கு பார்த்தாலும் வாக்கர், வாக்கர், வாக்கர். பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய முதியவர் ஒருவர் இருந்தார், இளமையில் நெசவாலையில் வேலை செய்தவர். “இந்த ஊர்க்காரர்கள் அவ்வளவு நடப்பவர்களா?” என்று அவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனார். பாத்திரம் கழுவும் தொட்டியில் வெந்நீர் நிரப்பினார். ஒரு பழைய கம்பளிக் காலுறையை அதில் போட்டு, சோப்புத் தேய்த்து, கைமுட்டியால் குத்திக்கொண்டே இருந்தார். கால்மணி நேரத்துக்குப் பிறகு எடுத்துக் காட்டினார். காலுறை சுருங்கி, கெட்டியாகி, இழையே தெரியாத துணியாக மாறியிருந்தது. “வாக்கர் செய்த வேலை இது, காலால்” என்றார்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி தொளதொளவென்று, ஆட்டின் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, ஒருவகைக் களிமண்ணும் புளித்த சிறுநீரும் கலந்த நீரில் மணிக்கணக்காக மிதிப்பார்கள். குயவர் மண் மிதிப்பதைப் பார்த்திருப்பாய்; அதே மிதிதான். பிசுக்கு நீங்கும், இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், துணி காற்றுப் புகாத கெட்டியாகும். அப்படி மிதித்தவர்தாம் வாக்கர். பழைய ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல்லுக்குப் புரட்டுதல், உருட்டுதல் என்பதே பொருள். காலால் நடந்துபோதல் என்ற பொருள் பின்னால் ஏறியது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆற்று நீரால் ஓடும் சம்மட்டி ஆலைகள் இந்த மிதிவேலையை ஏற்கத் தொடங்கிவிட்டன. தொட்டியிலிருந்து மனிதன் இறங்கிவிட்டான். பெயர் அவன் பிள்ளைகளோடு போயிற்று.

இன்னொரு செய்தி சொன்னால் உனக்குச் சுவைக்கும். இதே வேலையைச் செய்தவருக்கு இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஃபுல்லர் என்று பெயர், தென்மேற்கில் டக்கர் என்று பெயர், வடக்கில் வாக்கர். மூன்று குடும்பப்பெயர்கள், ஒரே தொட்டி. நீ ஃபுல்லரைக் கொடுத்தால் உன் செயலி அவரை ‘நிறைந்தவர்’ ஆக்கினாலும் ஆக்கும்.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது, அதற்கு நாம் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை, நன்னூல் போதும். காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று படித்திருக்கிறாய். ஏதோ ஒரு காரணம் பற்றி வருவது காரணப்பெயர். காரணம் தெரியாமல் வெறும் அடையாளமாக நிற்பது இடுகுறிப்பெயர். ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் காரணப்பெயராகப் பிறந்து, இடுகுறிப்பெயராக வாழ்கின்றன. அவற்றைப் பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

அது எப்படி நடந்தது என்று பார். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பழைய ஆங்கிலப் பெயர்கள் வழக்கொழிந்து, ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்டு என்று ஒரு கைப்பிடிப் பெயர்களே ஊரெங்கும் நிறைந்தன. ஒரே சிற்றூரில் பத்து ஜான்கள் இருந்தால் என்ன செய்வார்கள்? கொல்லன் ஜான், குன்றடி ஜான், வில் மகன் ஜான், செந்தலை ஜான் என்றார்கள். அந்தத் தலைமுறையில் இவை வெறும் அடைமொழி. மகன் வேறு தொழிலுக்குப் போனால் அடைமொழியும் மாறும். நிலமும் வரியும் எழுத்தில் ஏற ஏற, அப்பனுக்கு எழுதிய அடைமொழியையே மகனுக்கும் எழுதத் தொடங்கினார்கள். 1379-ஆம் ஆண்டின் தலைவரிப் பட்டியல்களில் பெயரும் தொழிலும் இன்னும் ஒன்றாகவே இருந்த பலரைக் காணலாம். 1400 வாக்கில் நாட்டின் பெரும்பகுதியில் குடும்பப்பெயர் பரம்பரைச் சொத்தாகிவிட்டது. அன்றிலிருந்து வாக்கர் என்பது ஒரு மனிதரைச் சுட்டுகிறது, அவரை வருணிப்பதில்லை. வாக்கர் பல் மருத்துவராக இருக்கலாம். வாக்கர் நடக்க முடியாதவராகவும் இருக்கலாம். அவரை ‘திரு. நடப்பவர்’ என்று நீ எழுதினால், அவர் சொல்லாத ஒன்றை அவர்மேல் ஏற்றுகிறாய்.

ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டைப் பெரிய எழுத்து காட்டிக்கொடுக்கும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாடு இல்லை. ஆகவே குக், பேக்கர், கிங், பிரவுன் போன்ற பெயர்கள் வரும்போது முதல் இடத்திலேயே ‘திரு.’ சேர்த்தோ, முழுப் பெயரையும் தந்தோ இது ஆளின் பெயர் என்று வாசகருக்குத் தெரிவித்துவிடு. பெயரை மொழிபெயர்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கதாபாத்திரத்தின் குணத்தையே ஆசிரியர் பெயராகச் சூட்டியிருக்கும் உருவகக் கதைகளில், பெயரின் பொருள் வாசகருக்குப் போய்ச் சேராவிட்டால் கதையே சேராது.

கேள்வி: ஆங்கிலேயர்களில் ஸ்மித் என்ற பெயர் ஏன் இத்தனை பேருக்கு? அந்தக் காலத்தில் விவசாயிகள்தானே அதிகம் இருந்திருப்பார்கள்?
— ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், லால்குடி

பதில்: விவசாயிகள் அதிகம் என்பதால்தான் அந்தப் பெயர் குறைவு, ஐயா. நூறு பேரும் உழுகிற ஊரில் ‘உழவன் ஜான்’ என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பது? பெயர் என்பது ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். ஊருக்கு ஒரு கொல்லர்தான் இருந்தார். கலப்பைக் கொழு, குதிரை லாடம், கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போக வேண்டும். ஊருக்கு ஒருவர், ஆனால் எல்லா ஊரிலும் ஒருவர். இந்த இரண்டும் சேர்ந்ததால் ஸ்மித் இங்கிலாந்தில் இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. கொல்லரின் பெயர் வேறு பல நாடுகளிலும் பரவலாக இருக்கிறது: ஜெர்மனியில் ஷ்மிட், ஹங்கேரியில் கோவாச், அரபு நாடுகளில் ஹத்தாத். கார்களால் புகழ்பெற்ற இத்தாலியப் பெயரான ஃபெராரியும் கொல்லுலையிலிருந்து வந்ததுதான்.

ஃபார்மர் என்ற குடும்பப்பெயரும் இருக்கிறது, அபூர்வமாக. ஆனால் அது உழவரைக் குறிக்கவில்லை. அரசுக்கோ பிரபுவுக்கோ இவ்வளவு என்று ஒரு தொகையைப் பேசி முடித்துக்கொண்டு, ஊரில் வரி தண்டியவரை அந்தக் காலத்தில் அப்படி அழைத்தார்கள். நீங்கள் வரி வசூலித்த பணியில் இருந்தவர்; ஒரு வகையில் ஃபார்மர் உங்களுக்குத்தான் உறவு.

தொழிற்பெயர்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை வெப்ஸ்டர், பாக்ஸ்டர், புரூஸ்டர் என்னும் மூன்றும். முடிவில் வரும் ‘ஸ்டர்’ பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. நெய்தவள், ரொட்டி சுட்டவள், மது வடித்தவள். பிற்காலத்தில் இதே தொழில் செய்த ஆண்களையும் அப்படியே சொன்னார்கள் என்பது உண்மை. ஆனாலும் தறியிலும் அடுப்பிலும் உழைத்த பெண்களின் தடம் அந்தச் சிறு விகுதியில் கிடக்கிறது. அகராதியால் பெயர்பெற்ற நோவா வெப்ஸ்டரின் குடும்பப்பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் ஒருத்திதான் தெரிகிறாள்.

கேள்வி: சென்னை பாரிமுனை, கடையேழு வள்ளல்களில் ஒருவரான பாரியின் பெயரால் அமைந்தது என்று என் நண்பர் வாதிடுகிறார். சரிதானா?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: முல்லைக்குத் தேர் ஈந்தவனுக்குப் பறம்புமலை இருக்கிறது. பாரிமுனை வேறொருவருடையது. தாமஸ் பாரி என்ற வணிகர் 1788-இல் சென்னைக்கு வந்து தொழில் தொடங்கினார். அந்த நிறுவனம் இருந்த முனைதான் பாரிமுனை. பேச்சில் ‘பாரிஸ்’ என்கிறோமே, அந்த ‘ஸ்’ ஃபிரான்சின் தலைநகரிலிருந்து வந்ததன்று. ‘பாரியினுடைய’ என்று சொல்லும் ஆங்கில வேற்றுமை உருபு.

அவர் வேல்ஸ் நாட்டவர். அந்தப் பெயரின் கதை அங்கேதான் இருக்கிறது. வேல்ஸ் மொழியில் ‘அப்’ என்றால் மகன். ‘அப் ஹாரி’ என்றால் ஹாரியின் மகன். வேகமாகச் சொல்லிச் சொல்லி முன்னால் இருந்த அகரம் தேய்ந்து, ஹகரமும் கரைந்து, பகரம் மட்டும் ஒட்டிக்கொண்டு ‘பாரி’ ஆயிற்று. அதாவது அந்த முதலெழுத்துத்தான் ‘மகன்’. ரீஸின் மகன் பிரைஸ், ஹவெலின் மகன் பவல், ஹியூவின் மகன் பியூ, ஓவனின் மகன் போவன், எல்லாம் இதே வழியில் வந்தவை. ஒலி ஒத்திருக்கிறதே என்று நம் ‘அப்பா’வோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். மகன் என்ற பொருளுடைய ‘மாப்’ என்னும் சொல்லின் தேய்வுதான் அது.

வேல்ஸ் மக்கள் நீண்ட காலம் நம்மைப் போலவே வாழ்ந்தார்கள். அப்பன் பெயர் மகனுக்கு, மகன் பெயர் பேரனுக்கு. குடும்பத்துக்கென்று நிலைத்த பெயர் கிடையாது. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்டமும் பதிவேடும் உள்ளே நுழைந்த பிறகே ஏதோ ஒரு தலைமுறையில் பெயர் உறைந்து நின்றது. எந்த ஹாரியின் மகனோடு பாரி குடும்பம் உறைந்ததோ, அந்த ஹாரி இன்று நம் சென்னைப் பஸ்களின் நெற்றியில் இருக்கிறார்.

கேள்வி: காவிரிக்கும் கோதாவரிக்கும் அணை தந்த ஆர்தர் காட்டன் பருத்தி வணிகக் குடும்பத்தில் பிறந்தவரா? செய்தித்தாளில் ‘சர் காட்டன்’ என்று எழுதுகிறார்கள். என் மகன் அது தவறு என்கிறான்.
— விவசாயி, முசிறி

பதில்: மகன் சொல்வது சரி. அவருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

முதலில் பருத்தி. பருத்திக்கான ஆங்கிலச் சொல் அரபு மொழியின் ‘குத்ன்’ என்பதிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. குடும்பப்பெயரான காட்டன் அதற்கு உறவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘காட்’ என்றால் குடில். ‘குடில்களருகே’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து காட்டன், கோட்டன் என்று பல சிற்றூர்களுக்குப் பெயர் ஏற்பட்டது. அங்கிருந்து வேறு ஊருக்குக் குடிபோனவரைப் புது ஊர்க்காரர்கள் பழைய ஊர்ப் பெயரால் அழைத்தார்கள். இது பொதுவான வழி. ஊரிலேயே இருப்பவரை அந்த ஊர்ப்பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை. வெளியேறியவருக்கே ஊர் பெயராகிறது. ஐசக் நியூட்டனின் நியூட்டனும் இப்படித்தான். அதற்குப் பொருள் புதூர். திருநெல்வேலியில் தமிழிலக்கணம் ஆய்ந்த கால்டுவெல்லின் பெயருக்குக் குளிர்ந்த ஊற்று என்று பொருள். அவர் வாழ்ந்து, இன்று அடங்கியிருக்கும் இடையன்குடியோ செம்மணல் தேரிக்காடு. சித்திரை வெயிலில் அந்தக் கோயில் வாசலில் நின்று ‘குளிர்ந்த ஊற்று’ என்று ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இனி ‘சர்’. ஆங்கில வழக்கில் சர் என்ற பட்டம் இயற்பெயரோடு மட்டுமே சேரும். சர் ஆர்தர் காட்டன் எனலாம், சுருக்கமாகச் சர் ஆர்தர் எனலாம். சர் காட்டன் என்பது கிடையாது. அவர் மனைவியோ லேடி காட்டன். அங்கே குடும்பப்பெயர்தான் வரும். அதுபோலவே நியூட்டனும் சர் ஐசக். மிஸ்டர் என்பதற்கு நேர்மாறான விதி: அது குடும்பப்பெயரோடு நிற்கும். மிஸ்டர் வாக்கர் சரி. மிஸ்டர் ஜான் என்றால் இங்கிலாந்தில் காதுக்கு உறுத்தும். 1861-இல் அவர் பட்டம் பெறும்வரை மிஸ்டர் வரிசையிலோ, படைப் பதவியோடோ காட்டன் என்று எழுதலாம். அதற்குப் பிறகு ஆர்தரை விடக் கூடாது. முக்கொம்பு மேலணையை 1836-இல் நமக்குக் கட்டித்தந்தவர். அவர் பெயரைப் பிழையில்லாமல் எழுதும் கடமை நமக்கு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். செய்தித்தாள்காரர்கள் சிறு விஷயம் என்பார்கள். எனக்கு அது சிறிதாகப் படவில்லை.

கேள்வி: எங்கள் பேரனுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைத்திருக்கிறோம். ‘பென்னி’ என்றால் காசு, ‘குயிக்’ என்றால் சீக்கிரம் என்று பள்ளியில் பிள்ளைகள் அவனைச் சீண்டுகிறார்களாம். உண்மையான பொருளைச் சொன்னால் அவனுக்கு ஆறுதலாக இருக்கும்.
— ஒரு பாட்டி, கம்பம் பள்ளத்தாக்கு

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதை வாசித்துக் காட்டுங்கள்.

ஸ்காட்லாந்தின் தலைநகரம் எடின்பரோ. அதற்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டரில், அந்த எழுத்துகளிலேயே சற்று மாறுபட்டு எழுதப்படும் ஒரு சிற்றூர் இருக்கிறது. குடும்பப்பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. ஊரின் பெயர் ஆங்கிலம் அன்று. ஆங்கிலம் அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே பேசப்பட்ட, வேல்ஸ் மொழிக்கு நெருங்கிய ஒரு பழைய மொழியைச் சேர்ந்தது. அதில் ‘பென்’ என்றால் தலை, குன்றின் உச்சி. ‘கோக்’ என்றால் குயிலினத்துப் பறவை. குயிற்குன்று! காசும் இல்லை, அவசரமும் இல்லை. அந்தப் பறவை அங்கே ஏப்ரலில் வந்து ‘குக்கூ’ என்று கூவினால் வசந்தம் வந்துவிட்டதென்று கொள்வார்கள். நம் ஊரில் குயில் கூவுவதும் அதே பருவம்தான்.

ஊர்க்காரர்கள் அதைப் பென்னிகுக் என்றே சொல்கிறார்கள். எழுத்தில் இருக்கும் ‘உயி’ வாயில் வருவதில்லை. ஆகவே நம் பக்கத்தில் சிலர் பென்னிகுக் என்று எழுதுவது பிழையன்று, மூலத்துக்கு நெருக்கமானதும்கூட. ஆனால் பிறப்புச் சான்றிதழில் எப்படி எழுதியிருக்கிறீர்களோ, அதை மாற்ற வேண்டாம். உங்கள் வீட்டில் பிறந்த பெயர் இப்போது அது.

ஒரு குடும்பப்பெயர் இயற்பெயராக மாறுவது இங்கிலாந்திலும் உண்டு. ஸ்டான்லி, ஹோவர்டு, சிட்னி, கிளிஃபர்டு எல்லாம் முன்பு குடும்பப்பெயர்களாக மட்டுமே இருந்தவை. நம் தென்கோடியில் ஜான்சன், வில்சன், நெல்சன், எடிசன் என்று பிள்ளைகளுக்குப் பெயரிடுகிறார்கள். என் வகுப்பில் ஒரு ஜான்சன் இருந்தான். ஜானின் மகன் என்பது பொருள்; அவன் அப்பாவின் பெயர் முத்துவில் தொடங்கும். இருபது ஆண்டு கழித்து அவன் மகன் என்னிடம் படிக்க வந்தான், பெயருக்கு முன்னால் ‘ஜே.’ என்ற எழுத்தோடு.

ஆனால் உங்கள் பள்ளத்தாக்கில் நடப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை. ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15-இல் பிறந்தார். 1895-இல் பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார். இன்றும் அவர் பிறந்த நாளில் லோயர் கேம்ப் மண்டபத்தில் பொங்கல் வைக்கிறார்கள். தேனியில் பஸ் நிலையம் அவர் பெயரில். வீடுகளில் பிள்ளைகள் அவர் பெயரில். ஸ்காட்லாந்தின் ஒரு குன்றில் கூவிய குயிலின் பெயர், தண்ணீரின் வழியாக உங்கள் பேரனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சீண்டும் பிள்ளைகளிடம் ‘நான் குயிற்குன்று’ என்று சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜி. யு. போப் கத்தோலிக்கத் தலைவராக இருந்தவரா?
— எட்டாம் வகுப்பு மாணவன், சாயர்புரம்

பதில்: இல்லை, தம்பி. போப் அவருடைய குடும்பப்பெயர். ஜார்ஜ் உக்லோ போப் ஆங்கிலிக்கன் சபையின் ஊழியர். உன் ஊரிலேயே பள்ளி நடத்தியவர். 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர். போப், பிஷப், கிங் போன்ற குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் பட்டப்பெயராகத் தொடங்கியவை. ஊர்த் திருவிழா நாடகத்தில் அந்த வேடம் கட்டியவனையோ, அந்தத் தோரணையில் நடந்தவனையோ ஊரார் அப்படி அழைத்திருப்பார்கள்.

கேள்வி: பாய்காட் என்பது ஒருவரின் பெயர் என்று கிரிக்கெட் பார்க்கும் என் தம்பி சொல்கிறான். புறக்கணிப்புக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?
— வாசகி, மதுரை

பதில்: உங்கள் தம்பி சொல்லும் ஆட்டக்காரர் ஜெஃப்ரி பாய்காட், அவருக்கு இதில் பங்கு இல்லை. சொல்லைத் தந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலங்களுக்குக் காரியக்காரராக இருந்தார். 1880-இல் குத்தகைதாரர்கள் வாடகையைக் குறைக்கக் கேட்டபோது வெளியேற்ற உத்தரவுகளை எடுத்துக்கொண்டு வந்தார். யாரும் அவரை அடிக்கவில்லை. அறுவடைக்கு ஆள் வரவில்லை. கடைக்காரர் சாமான் தரவில்லை. கடிதம் கொண்டுவரவும் ஆளில்லை. வடக்கிலிருந்து ஏறத்தாழ ஐம்பது தொண்டர்கள் வந்து பயிரை அறுத்தார்கள். அவர்களைக் காக்க ஆயிரம் அளவில் படையும் போலீசும் வந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் பெயர் செய்தித்தாள்களில் வினைச்சொல் ஆகிவிட்டது. இப்போது சிறிய எழுத்தில் எழுதுகிறார்கள். வாக்கர் தொழிலிலிருந்து பெயரானது. பாய்காட் பெயரிலிருந்து செயலானது. வாட், ஜூல் என்ற அளவுகளும் அதே வழியில் வந்தவைதாம்.

கேள்வி: மகள் மேற்படிப்புக்காக இங்கிலாந்து போகிறாள். எல்லாப் படிவங்களிலும் குடும்பப்பெயர் கேட்கிறார்கள். எங்களுக்குத் தலைப்பெழுத்து மட்டும்தான் உண்டு. என்ன எழுதுவது? சாதிப்பெயரைச் சேர்க்கச் சொல்கிறார்கள் சிலர்.
— ஒரு தாய், சென்னை

பதில்: சாதிப்பெயரைச் சேர்க்காதீர்கள். இரண்டு மூன்று தலைமுறை பாடுபட்டுக் கழற்றிய ஒன்றை ஒரு படிவத்துக்காகத் திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டாம். தலைப்பெழுத்தை விரித்து, தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ குடும்பப்பெயர்க் கட்டத்தில் இடுங்கள். பாஸ்போர்ட்டில் முதலில் அப்படிச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு பல்கலைக்கழகம், விசா, விமான டிக்கெட், வங்கி எல்லாவற்றிலும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் அதையே எழுதுங்கள். ஓரிடத்தில் எழுத்து, ஓரிடத்தில் முழுப்பெயர் என்று இருந்தால் அலைச்சல் அவளுக்குத்தான்.

அங்குள்ளவர்களுக்கு நம் முறை புரியாது என்பதையும் தெரிந்துகொள்ளட்டும். அந்தக் கட்டத்தில் இருப்பது பரம்பரைப் பெயர் என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அங்கே மிஸ் என்றாலும் மிஸஸ் என்றாலும் அந்தப் பெயரோடுதான் வரும்.

ஹாலிஃபாக்ஸில் இருந்தபோது ஒரு நாள் காய்ச்சலுக்காக மருத்துவரைப் பார்க்கப் போனேன். என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. காத்திருக்கும் கூடத்தில் ஒரு பெண் வந்து நின்று அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டாள். யாரையோ அழைக்கிறாள் என்று நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீண்டும் கூப்பிட்டாள். தாமிரபரணிக் கரையைவிட்டு அதிகம் போகாத என் அப்பா காலமாகி அப்போது பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்றாம் முறை கூப்பிட்டபோதுதான் அது நான் என்று உறைத்தது. எழுந்திருக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது; அதற்குள் அடுத்தவரை உள்ளே அனுப்பிவிட்டார்கள். உங்கள் மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த ஊரில் அவள் அப்பாவின் பெயர் காதில் விழுந்தால், அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.